பச்சைப் புள்ளி மறையட்டும்

"இந்தக் குழி உள்ளே போகட்டும், அப்புறம் பதில் சொல்றேன்" என்று வாயாடி சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. கல்யாணம் பண்ணிக்கலாமா என்று வாய்விட்டுக் கேட்ட பாவத்துக்கு, நெட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கிடக்கும் ஒரு செல்லின் தயவுக்காகக் காத்துக் கிடந்தான். எந்த மாப்பிள்ளைக்காவது இந்தக் கதி வந்ததுண்டா? ராத்திரி போனில் ஊர்க்கதையெல்லாம் பேசுவாள், அதை மட்டும் பேசமாட்டாள்.

இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். செல் எப்படி விழுங்குகிறது என்பது அவள் ஆராய்ச்சி. செல்லுக்கு வாயா இருக்கிறது? வெளியில் இருப்பதை உள்ளே இழுக்க, மேல்சவ்வுக்கு அடியில் கிளாத்ரின் என்கிற மூன்று கால் புரதங்கள் ஓடிவந்து, காலோடு கால் பின்னி வலை கட்டும். வலை வளைய வளைய சவ்வும் குழிந்து, குழி பையாகி, கழுத்து அறுந்து உள்ளே போய்விடும். போனதும் வலை கலைந்துவிடும். அந்தப் புரதத்தைப் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தாள். மைக்ராஸ்கோப்பில் ஒரு புள்ளி தோன்றி மறைந்தால் ஒரு வாய் விழுங்கியாச்சு.

மறைந்தால்தானே! தோன்றிய புள்ளியெல்லாம் அழிச்சாட்டியமாக அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"நாசமாப் போற செல்லு!" என்று அன்று அவள் திரையைப் பார்த்துக் கத்தினாள். "மூட்டை கட்டிட்டு ஊருக்கே போயிடறேன்."

நெட்டைக்குச் சந்தேகம் வந்தது. வேண்டாம் என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாளோ? கேட்கத் தைரியம் இல்லாமல், "செல்லுக்குக் குளிருதோ என்னவோ" என்று உளறினான்.

"குளிர்ந்தா செல்லு விழுங்காது, லென்ஸ் வேற சூட்டை உறிஞ்சிடும்னுதானே அதுக்கு ஹீட்டர் மாட்டியிருக்கேன்? நம்பலைன்னா குனிஞ்சு பாரு."

குனிந்தான். மேஜை விளிம்பில் மண்டை இடித்தது. அடியில் ஹீட்டரின் பிளக் அம்போவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இடத்தில் அவளுடைய போன் சார்ஜர்.

"அம்மா தாயே! தினமும் இதையா பண்றே?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சார்ஜ் ஏறினதும் மாத்திடலாம்னுதான் நினைப்பேன், மறந்துடும். காலைல போன் செத்துக் கிடக்குதே, நான் என்ன பண்ண?"

"ஏன் செத்துக் கிடக்குது?"

"நீதானே இன்னும் அஞ்சே நிமிஷம், அஞ்சே நிமிஷம்னு விடிய விடியப் பேசறே!"

நெட்டை தலையில் அடித்துக்கொண்டான். தன் கல்யாணத்துக்குத் தானே முட்டுக்கட்டை போட்டிருக்கிறான், அதுவும் தினமும்!

பிளக்கை மாற்றினார்கள். சூடேறும் வரை இருவரும் மூச்சுக் காட்டவில்லை. வாயாடிக்கு அது பெரிய சாதனை. பிறகு ஒரு பச்சைப் புள்ளி தோன்றியது. பளிச்சென்று ஆனது. சட்டென்று காணாமல் போனது. பக்கத்தில் இன்னொன்றும் போனது.

அவள் குதித்தாள், அழுதாள், சிரித்தாள். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. "பதில்?" என்றான்.

அவள் போனை எடுத்தாள். பாதிகூட ஏறவில்லை.

"அம்மா, சார்ஜ் இல்ல, சுருக்கமா சொல்றேன். உனக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சு. ரொம்ப உசரம், நம்ம வாசல்ல குனிஞ்சுதான் வரணும்."