நாற்பத்தொரு ஆசீர்வாதமும் ஒரு வாசகியும்

என் முதல் நாவல் வந்து பத்தே நாளில் இணையக் கடையில் நாற்பத்தொரு மதிப்புரைகள். அத்தனையும் ஐந்து நட்சத்திரம். துள்ளிக் குதித்தேன், நாலைந்தைப் படித்துப் பார்க்கும்வரை.

“புத்தகத்தால் ஆசீர்வாதம் பெற்றோம்.” “சகோதரி டெபோராவின் ஊழியம் வளர ஜெபிக்கிறோம்.” நான் எழுதியதோ ஏரலில் கள்ளச்சாராயம் விற்ற சந்தனமாரியின் கதை. கடைசி அத்தியாயத்தில் போலீசுக்குப் பயந்து ஓடி ஆற்றோடு போய்விடுகிறாள். இதில் யார் என்ன ஆசீர்வாதம் பெற்றார்கள்?

என் கணவர் நேசையா பல்லைக் காட்டினார். ஞாயிறு ஆராதனையில் யார் யாருக்குக் கல்யாணம் என்று ஓலை வாசித்த கையோடு என் புத்தகத்தையும் அறிவிக்க வைத்திருக்கிறார்.

“எல்லாரும் அஞ்சு நட்சத்திரம் போடுங்கன்னு சொல்லச் சொன்னேன். அதுல என்ன தப்பு?”

முதல் மதிப்புரையே அவருடையதுதான். ‘முடிவு மிக அருமை’ என்று எழுதியிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாவல் உண்டா இல்லையா என்று வண்ணார்பேட்டைப் பதிப்பாளர் அலி அக்பர் அண்ணாச்சி வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். முகம் தெரியாத ஒரே ஒரு ஆள் முழுசாகப் படித்திருந்தால் எழுதுவேன், இல்லாவிட்டால் பள்ளிக்கூட விடைத்தாளைத் திருத்திக்கொண்டு இருந்துவிடுவேன் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். அந்த ஒருவரை நாற்பத்தொரு பேருக்குள் தேடினேன். உபதேசியார், பாடகர் குழு, என் நாத்தனார், அவள் சம்பந்தி. தெரியாத பெயர் ஒன்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நேசையா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனை நீட்டினார்.

“எவளோ முத்துராணியாம், ஏரல்காரி. ரெண்டே நட்சத்திரம் போட்டிருக்கா. நம்ம ஆளுகளை எல்லாம் புகார் குடுக்கச் சொல்லுதேன். சாயங்காலத்துக்குள்ள தூக்கிருவாவ.”

பிடுங்கிப் படித்தேன்.

“நாற்பத்தொரு பேர் புகழ்ந்ததை நம்பி வாங்கினேன். அவர்களில் ஒருவரும் படிக்கவில்லை என்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. நான் படித்தேன். மகளுக்குத் தலை சீவிக்கொண்டே சந்தனமாரி போலீசிடம் பொய் சொல்லும் இடத்தில் அழுதுவிட்டேன். ஆனால் சித்திரை மாதம் எங்கள் ஏரல் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் கிடக்கும். அதில் அவளை எப்படி மூழ்கடித்தீர்கள்? அநியாயமாகச் சாகடித்ததற்காக மூன்று நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன்.”

இன்னும் இரண்டு தடவை படித்தேன். சந்தோஷம் தாங்காமல் சிரித்தேன், கண்ணீரும் வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து எழுதிய நான் சித்திரையில் ஏரல் ஆற்றைப் பார்த்ததே இல்லை.

“திட்டியிருக்கா, நீ சிரிக்க?” என்றார் நேசையா.

“இதுமேல மட்டும் கை வச்சியன்னா நான் பொல்லாதவளாயிருவேன்.”

“சரி, வைக்கல.” போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு பைய கேட்டார். “ஏ டெபோரா, கடைசில அவ செத்தா போயிருதா?”

பதிப்பாளருக்குப் போன் போட்டேன்.

“அடுத்த நாவல் உண்டு அண்ணாச்சி. சந்தனமாரி சாகல. முழங்கால் தண்ணிதான் கிடந்திருக்கு, எந்திச்சு நடந்துட்டா.”