அருமைக்காரரை ஏத்தி வாங்க

திருமூர்த்தியின் வாடகைக் கார்கள் அத்தனையிலும் வயர்லெஸ் பெட்டி வைக்கச் சொன்னது கரீம்தான். டிரைவர்களில் மூத்தவர், பேச்சில் கெட்டி. ஒரு பெட்டியில் பேசினால் பக்கத்து ஊரைத் தாண்டாது. அதனாலென்ன, கேட்ட வண்டி அடுத்த வண்டிக்குச் சொல்லட்டும், சேதி கொடுமுடிக்கே போய்விடும் என்று அடித்துப் பேசினார்.

"என்ற மக கல்யாணத்தன்னைக்கு இது வேலைக்கு ஆவலீன்னா, பெட்டியோட உங்களையுங் கழட்டிப்போடுவனுங்க" என்றார் முதலாளி. மிரட்டலிலும் மரியாதை குறையவில்லை.

கல்யாணம் கொடுமுடிக் கோயிலில். முகூர்த்தம் நெருங்குகிறது, அருமைக்காரரைக் காணோம். சடங்குகளை முன்நின்று நடத்திவைக்கிற பெரியவர். அவரில்லாமல் கவுண்டர் வீட்டில் தாலி ஏறாது. அவரை ஏற்றிவர வேண்டிய காரில் சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் புண்ணியவான்கள். மனுஷர் கோபியில் தன் வீட்டு வாசலில் நிற்பார், பாவம்.

கரீம் பெட்டியை எடுத்தார். அவ்வளவு பெரியவரின் பெயரை வாயால் சொல்லலாமா? மரியாதையாகவே சொன்னார்: "முதலாளி ஊட்டுக் கல்யாணமுங்க. அருமைக்காரர உடனே ஏத்தி வாங்க."

கேட்ட வண்டி அடுத்த வண்டிக்குச் சொன்னது, அது இன்னொன்றுக்கு. ஊரைச் சுற்றிச் சேதி கரீமிடமே திரும்பி வந்தது. பேஷாகப் பரவுகிறதே என்று பூரித்து, அதையே மறுபடியும் சொல்லித் தொலைத்தார். எந்த ஊர் அருமைக்காரர் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! முதலாளி வீட்டு விஷயத்தில் குறுக்கே கேள்வி கேட்பது அழகில்லையாம்.

முதல் கார் வந்தது. வெள்ளை வேட்டியில் யாரோ ஒரு பெரியவர் இறங்கினார். அவரும் அருமைக்காரர்தான் என்று தெரிந்ததும் கரீமுக்கு உயிர் வந்தது. இரண்டாவது காரிலும் ஒரு அருமைக்காரர். மூன்றாவது கார் வந்தபோது கரீம் தூணைப் பிடித்துக்கொண்டார். அவரவர் போன ஊரில் அகப்பட்டவரை அவரவர் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

சண்டை வந்திருந்தாலாவது சட்டென்று தீர்ந்திருக்கும். வந்தது மரியாதை. நீங்களே நடத்துங்க என்றார் ஒருவர். நீங்க இருக்கையில நானுங்களா என்றார் மற்றவர். மூன்றாமவர் துண்டை உதறிப் போட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. திருமூர்த்தி பார்த்த பார்வையில் கரீமுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மொதல்ல வந்தவரு நடத்தட்டுங்க" என்றார் கைகூப்பி. "மத்தவங்க ஆசீர்வாதம் பண்ணுங்க. தப்பு என்னுதுங்க."

தாலி ஏறியது. மூன்று அருமைக்காரர்கள் வந்து வாழ்த்திய கல்யாணம் எங்கே நடந்திருக்கிறது என்று சனம் வியந்ததில் திருமூர்த்தி கோபமெல்லாம் தணிந்து மீசையைத் தடவிக்கொண்டார். பெட்டியும் பிழைத்தது, கரீமும் பிழைத்தார்.

பந்திக்குப் போகிற வழியில் காரிலிருந்து பெட்டி கரகரத்தது.

"கோபி அருமைக்காரரு இன்னும் வாசல்லயேதானுங்க நிக்கறாரு. வேற வண்டி ஏத்திருக்கும்னு எல்லாரும் உட்டுப்போட்டோம். ஏத்தி வரட்டுங்களா?"

கரீம் நாக்கைக் கடித்துக்கொண்டார். பதில் சொல்லப் பெட்டிப் பக்கம் போன கை பாதியில் நின்றது. இதைக் கேட்டு இன்னும் எத்தனை பேரை ஏற்றி வருவார்களோ! பெட்டியை அணைத்துவிட்டு, சாப்பிடாமலேயே கோபிக்கு அவரே காரை எடுத்தார்.