நனையாத பதினோரு ஏக்கர்

வுனிதவா பள்ளிக்கூட மண்டபத்துக்குள் முதல் மழை பெய்தது அந்த வறட்சி வருடம் ஆகஸ்ட் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டே காலுக்கு. வெளியே ஏழு மாதமாக ஒரு துளி கிடையாது. ஆற்றின் நடுவில் நின்ற மாடுகளுக்கு முழங்கால்கூட நனையவில்லை. மண்டபத்தின் தகரக் கூரை போன வருடம்தான் மாற்றியது, அதில் ஓட்டை எதுவும் இல்லை. தலைமை ஆசிரியர் பிரித்தம் சிங் அன்றைய பதிவேட்டில் "வருகை நூற்றுப் பன்னிரண்டு. மண்டபத்தில் மழை, பத்து நிமிடம்" என்று எழுதிவிட்டு, பியானோவுக்கு மேல் ஒரு தார்ப்பாயைப் போடச் சொன்னார்.

இதற்கெல்லாம் காரணம் அகனிசி மிஸ்ஸின் பிடிவாதம். எங்கள் பள்ளியில் பாதிப் பேர் ஃபிஜியப் பிள்ளைகள், பாதிப் பேர் இந்தியப் பிள்ளைகள். ஒருவர் மொழியில் மற்றவருக்குத் தெரிந்ததெல்லாம் சந்தையில் விலை கேட்கவும் மைதானத்தில் திட்டவும் மட்டுமே. அகனிசி மிஸ், வழி தெரியாமல் தடுமாறும் ஒரு மேகத்தைப் பற்றி இசை நாடகம் ஒன்று எழுதினார். பாதிப் பாட்டு ஃபிஜி மொழியில், பாதி ஹிந்தியில். யாரும் தன் வீட்டு மொழியில் பாடக் கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே விதி. அதன்படி மேகத்தை அழைக்கும் பாட்டின் ஃபிஜி அடிகள் பிரணிலாவுக்கு வந்தன. கரும்பு விவசாயி தேவராஜ் கவுண்டரின் மகளான அவள், பேர் கூப்பிடும்போது "உள்ளேன் மிஸ்" என்பதைத் தவிர ஆறு வருடமாக வகுப்பில் வாயைத் திறந்ததில்லை. ஹிந்தி அடிகள் விலிமோனிக்கு. அவன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. கவுண்டர் குத்தகைக்கு உழும் பதினோரு ஏக்கரும் அவனுடைய அப்பா சகியுசாவின் குலத்துக்குச் சொந்தம்.

அன்றைய ஒத்திகையில் பிரணிலா ஃபிஜி மொழியில் பாடி முடித்ததும் மழை வந்தது. ஆனால் மேடையில் ஃபிஜியப் பிள்ளைகள் நின்ற பக்கம் மட்டும்தான் பெய்தது. சாக்பீஸால் கோடு கிழித்த மாதிரி இந்தப் பக்கம் காய்ந்தே கிடந்தது. இந்தியப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்து விலிமோனி ஹிந்தியில் எடுத்தான், இவர்களும் நனைந்தார்கள். "இப்ப சிரிங்கடா பாக்கலாம்" என்றான் விலிமோனி, சுத்தமான ஹிந்தியில். அந்த வாக்கியம் பாட்டில் இல்லை. அது அவனுக்கு எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

சேதி ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. அடுத்த வாரமே பிரணிலாவை ஃபிஜியர் குடியிருப்புக்கு அழைத்துப் போய் மரவள்ளித் தோட்டங்களில் பாட வைத்தார்கள். இந்திய வீடுகளின் கத்தரிப் பாத்திகளுக்கு விலிமோனி போனான். மழை யாருடைய மொழியில் அழைக்கப்பட்டதோ அவர்கள் இடத்தில் மட்டும் பெய்து, வேலியோடு நின்றுகொண்டது. பாடி முடித்த பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்புவது இரு சாராருக்குமே பழக்கமில்லை. பிரணிலா ஃபிஜியர் வீட்டுப் பாயில் உட்கார்ந்து தேங்காய்ப்பாலில் வெந்த மீனைத் தின்று, அடுப்படிப் பெண்களின் ஊர்வம்பு முழுவதையும் அவர்கள் மொழியிலேயே கற்றுக்கொண்டு வந்தாள். விலிமோனி ஆறு வாரத்தில் ஐந்து கிலோ ஏறினான். "எங்க வீட்டு ரொட்டியில உப்பு பத்தலைங்கறான், இந்தப் பய!" என்று பெண்கள் பெருமையாகக் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

கவுண்டரின் பதினோரு ஏக்கர் மட்டும் நனையவில்லை. குத்தகை அந்த டிசம்பரோடு முடிகிறது. நீட்டிப்பீர்களா என்று சகியுசாவிடம் கேட்கக் கவுண்டருக்கு வாய் வரவில்லை. கேட்காதவனிடம் எதைச் சொல்வது என்று சகியுசா இருந்தார். இருபது வருடமாகச் சனிக்கிழமைதோறும் ஒரே கிண்ணத்தில் யங்கோனா என்ற வேர்ப்பானம் குடித்தவர்கள், பிப்ரவரியிலிருந்து எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் கரும்பைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கவுண்டர் முதலில் தன் மகளை வயலில் நிறுத்திப் பாடச் சொன்னார். மழை வந்தது. தென்னை உயரம் வரை இறங்கி, நிலம் ஃபிஜியருடையது, கரும்பு வேறு ஆளுடையது என்று கண்டுகொண்டதைப் போல அங்கேயே சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று. மறுநாள் விலிமோனியை ரகசியமாக அழைத்து வந்தார். ஹிந்தி மழையும் அதே உயரத்தில் நின்று யோசித்துவிட்டுப் போய்விட்டது.

விஷயம் சகியுசாவின் காதுக்கு எட்டியது. "என் நிலத்துல, என் பையனை வெச்சு, என்னைக் கேக்காம மழை வரவழைக்கறானா?" என்று மகனை நாடகத்திலிருந்து நிறுத்தினார். பதிலுக்குக் கவுண்டரும் மகளை நிறுத்தினார். அரங்கேற்றத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அகனிசி மிஸ் இரண்டு வீட்டுக்கும் நடந்தார். ஒரு வீட்டில் தேநீர் கிடைத்தது, மற்றதில் யங்கோனா. பிள்ளைகள்தான் கிடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பிரணிலா யாரிடமும் சொல்லாமல் சகியுசா வீட்டுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் வழக்கப்படி குனிந்து உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். ஃபிஜி மொழியிலேயே கேட்டாள்: "மாமா, டிசம்பருக்கு அப்புறம் நாம இங்கயே இருப்போமா, போயிடுவோமா?"

பேரில் மட்டும் தமிழ் மிஞ்சிய கவுண்டர் வீட்டு ஹிந்தியில் 'நாம', 'நாங்க' இரண்டுக்கும் ஒரே ஒரு சொல்தான். ஃபிஜி மொழியில் கேட்பவரைச் சேர்த்துச் சொல்ல ஒன்று, சேர்க்காமல் சொல்ல ஒன்று என்று இரண்டு உண்டு.

சகியுசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "'நாங்க'ன்னு சொல்லணும் பாப்பா. 'நாம'ன்னு சொன்னா நானும் உங்ககூட மூட்டை கட்டணும்."

"எனக்கு 'நாங்க' தெரியாது மாமா. பாட்டுல 'நாம'ன்னுதான் இருக்கு."

"அப்ப இத்தனை நாளா எங்க வீட்டு அடுப்படியில என்னத்தைக் கத்துக்கிட்டே?"

"அங்கயும் யாரும் என்கிட்ட 'நாங்க'ன்னு சொல்லலியே."

சகியுசா சிரிப்பதை நிறுத்தினார். கிண்ணத்தில் இருந்ததைக் குடிக்காமல் கீழே வைத்தார். "போய் அப்பனை வயலுக்கு வரச் சொல்லு" என்றார்.

நாலு மணிக்கு இரண்டு அப்பன்களும் வரப்பில் பத்தடி தள்ளித் தள்ளி நின்றார்கள். பிள்ளைகள் நடுவில் நின்று, ஒருவர் அடிமேல் ஒருவர் அடியாக இரண்டு மொழியையும் சேர்த்துப் பாடினார்கள். மழை தென்னை உயரத்துக்கு வந்தது. இந்த முறை நிற்கவில்லை. கரும்பின் மேலும், கட்டாந்தரையின் மேலும், கவுண்டரின் மொட்டைத் தலையின் மேலும் ஒரே மாதிரி விழுந்தது.

"ஏ கவுண்டா," என்றார் சகியுசா, எட்டு மாதத்துக்குப் பிறகு. "உன் பொண்ணு என்னையும் உங்க கணக்குல சேத்துட்டா. இனிமே உன்னை வெளிய அனுப்புனா நானும் கிளம்பணுமாம்."

"நீ கிளம்ப என்னய்யா இருக்கு? ஒரே ஒரு சட்டை" என்றார் கவுண்டர். முகத்தைத் துடைத்தார். மழையில் எதைத் துடைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. "நானே வந்து கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும். உன் மகளுக்கு இருக்கற தைரியம் உனக்கு இல்ல."

"உனக்குந்தான் இல்ல."

"எனக்குந்தான்" என்று ஒத்துக்கொண்டார் சகியுசா.

குலத்தார் கூடி மூன்று நாள் பேசினார்கள். அதில் இரண்டு நாள் யங்கோனாவிலேயே போயிற்று. மூன்றாம் நாள் குத்தகையை முப்பது வருடத்துக்கு நீட்டினார்கள். நாடகம் குறித்த நாளில் நடந்தது. கடைசிப் பாட்டில் மேடையோடு முதல் ஆறு வரிசையும் நனைந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கல்வி அதிகாரி, காட்சி அமைப்பு நன்று, வடிகால் போதாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் பள்ளிக்கு வடிகால் வந்தது.

பிரணிலா இப்போது லாம்பாசா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாட்சி "நாம்" என்றானா, "நாங்கள்" என்றானா என்று அவள் திருப்பிக் கேட்காமல் எந்த நில வழக்கும் நகர்வதில்லை. விலிமோனி பேருந்து நிலையத்தில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறான், உப்பு சரியாக இருக்கிறது. வறட்சி எப்போதோ போய்விட்டது, ஆனால் நாடகத்தை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊரே குடையோடு மண்டபத்துக்குப் போகிறது. தலைநகர் சுவாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் மட்டும் வெறுங்கையோடு வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். அவர்களிடம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.