நாலாக மடித்த கொடி

மூன்றாவது குடத்தையும் சாய்த்துப் பார்த்தான் இனியன். அடியில் ஒரு சொம்பு தேறும். அதிலும் துரு மிதந்தது.

உள்ளே அப்பா மாரிமுத்து பாயில் கிடந்தார். விடிகாலையில் போன உயிர். நாற்பது நாள் படுத்த படுக்கை, முதுகெல்லாம் புண். பத்து மணிக்கே வெயில் தகரக் கூரையைக் காய்ச்சத் தொடங்கியிருந்தது. மூன்று மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளர்களின் அந்த லைன் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகிறது. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தங்கச் சுரங்கத்தை மூடி இது மூன்றாவது மாதம். போர்வெல் இருக்கிறது; கரண்ட் சாயங்காலம்தான் வரும் என்றார்கள். அக்கம்பக்கத்தார் குறை வைக்கவில்லை, ஆளுக்கொரு சொம்பு கொண்டுவந்து ஊற்றினார்கள். வந்தவர்கள் தொண்டையை நனைக்கவே அது சரியாகப் போயிற்று.

"ஈரத்துணியில தொடச்சிடலாம்மா" என்றாள் தங்கை வெண்ணிலா.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா பாப்பம்மா நிமிர்ந்தாள்.

"தொடச்சி அனுப்பறதுக்கு அவரு இன்னா ஜன்னலா? ரோட்டுல போற சனத்துக்கெல்லாம் எங்கெங்கியோ அலைஞ்சி தண்ணி தேடிக் குடுத்த மனுசன். குளிப்பாட்டாம எடுக்க வுடமாட்டேன்." மகன் பக்கம் திரும்பினாள். "வண்டி கீதில்ல? போடா. அவரு போவல? நீயும் போயி கொண்டா."

வாசலில் நின்றது அந்த மெட்டடோர் வேன். ஏழு வருஷத்துக்கு முன் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பா வாங்கியது. பின் சீட்டுகளைக் கழற்றிப் பலகை போட்டு, பலகைக்கு அடியில் ஸ்டவ்வும் பாத்திரங்களும் வைக்கப் பெட்டி செய்து, மூலையில் குழாய் வைத்த இரண்டு பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டி, அதை ஓடும் வீடாகவே ஆக்கியிருந்தார். அக்டோபரில் தீட்சை நாள் விழாவுக்கு, லைனில் இருக்கும் பௌத்தக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவார். போக மூன்று நாள், வர மூன்று நாள். பெண்கள் வண்டிக்குள், ஆண்கள் சக்கரத்தோரம் பாய் விரித்துப் படுப்பார்கள். எந்த ஊர் எல்லையில் இரவு தங்கலாம், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. வண்டியின் நெற்றியில் ஒரு கம்பி. அதில், நடுவில் சக்கரம் போட்ட நீலக்கொடி.

அந்த வண்டியில் இனியன் ஏறி ஐந்து வருஷம் ஆகிறது. கடைசியாக ஏறியது தொண்ணூற்றாறில். அனந்தபூர் தாண்டிப் பொழுது சாயும் நேரம். மத்தியானமே டிரம் காலி, குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. அப்பா மட்டும் இறங்கினார். கொடியை அவிழ்த்து எங்கோ செருகினார். கிணற்றடியில் நின்றவர்களிடம் தெலுங்கில், நாங்கள் முதலியார்கள், ஸ்ரீசைலம் போகிறோம் என்றார். டிரம் இரண்டும் நிறைந்தன. திரும்பி வந்து வண்டிக்குள் இருந்தவர்களிடம், "ஒண்ணும் கேக்கல. நல்ல சனம்" என்றார்.

அப்பாவுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய் எல்லாவற்றையும் கேட்டிருந்தான் இனியன். அப்பா நீட்டிய டம்ளரைத் தட்டிவிட்டான். மறுநாள் கர்னூல் வரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நாக்பூரில் ஆயிரக்கணக்கானோர் கைகூப்பி ஐந்து உறுதிகளைச் சொன்னபோது அப்பாவும் வெள்ளை உடுத்திக் கண்ணை மூடிச் சொன்னார். நான்காவது, பொய் சொல்லாதிருக்கும் உறுதி. அது வந்ததும் இனியன் சத்தமாகச் சிரித்தான். அப்பாவின் குரல் அந்த ஒரு வரிக்கு நின்றுபோயிற்று.

அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் அம்மாதான் தபால்காரி. இந்த நாற்பது நாளும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெங்களூரிலிருந்து வந்தான், மருந்தை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். போன ஞாயிறு அப்பா அவனைப் பார்த்து, "தண்ணி" என்றார். இனியன் உள்ளே திரும்பி வெண்ணிலாவைக் கூப்பிட்டான்.

வண்டியை ஓட்டியவர் அடுத்த வீட்டு ஆங்கிலோ இந்தியர் ஹரோல்ட். சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். எல்லாப் பயணத்திலும் அப்பாவுக்கு மாற்று டிரைவர். ஊர் தாண்டி நாலைந்து மைல் போனதும் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். அங்கே கிணறும் இல்லை, வீடும் இல்லை.

"இன்னா அங்கிள்?"

"தண்ணிக்கு வந்தா, தோட்டம் வர்றதுக்கு முன்னால இங்க நிப்பாட்டுவாரு உங்கப்பா." ஹரோல்ட் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனியனுக்குப் புரிந்தது. கண்ணாடிக்கு வெளியே கொடி படபடத்தது.

"போங்க அங்கிள். சாவு வீட்டுக்குத் தண்ணி. எவன் இன்னா கேப்பான்?"

முதல் தோட்டத்தில் பம்ப் ஓடும் சத்தம் ரோட்டுக்கே கேட்டது. கேட்டருகே வந்தவர் வண்டியைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், பிறகு இனியனைப் பார்த்தார்.

"மோட்டரு கெட்டோகிதெ" என்றார். கெட்டுவிட்டதாகச் சொன்ன மோட்டார் அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இறந்துவிட்டார் என்று இனியன் கன்னடத்தில் சொன்னான். "அய்யோ பாவ" என்று உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டைச் சாத்தினார்.

மணி பன்னிரண்டரை. வண்டி திரும்பி ரோட்டுக்கு வந்தது. ஹரோல்ட் கியர் மாற்றிக்கொண்டே சொன்னார்.

"ஒரு வாட்டி பார்த்துட்டு அஞ்சு வருசம் மூஞ்சத் திருப்பிக்கினியே மேன். ஒவ்வொரு ட்ரிப்புலயும் நாலு எடத்துல கொடிய அவுப்பாரு. நாங்கல்லாம் வேற பக்கம் பார்த்துக்கினு இருப்போம். உங்கம்மாவும்தான். குடிக்கணுமில்ல?"

"நீங்க போயி கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன் மேன். என் மூஞ்சிக்குக் குடுக்க வருவான். வண்டிக்குள்ள குந்திகினு கீற மூஞ்சிங்கள பார்ப்பான். அப்பால இல்லம்பான்."

அடுத்த தென்னந்தோப்பு கண்ணுக்குத் தெரிந்ததும், "நிப்பாட்டுங்க" என்றான் இனியன்.

இறங்கிக் கம்பியிலிருந்து முடிச்சை அவிழ்த்தான். சுருட்டப் பார்த்தான், துணி சுருளாமல் பழைய வரிகளில் தானாக நாலாக மடிந்துகொண்டது. "டிரைவர் சீட்டுக்கு அடியில கவரு கீது" என்றார் ஹரோல்ட், அவனைப் பார்க்காமலே. கொடி அதில் கச்சிதமாக அடங்கியது.

தோப்புக்காரருக்கு அப்பா வயதுதான் இருக்கும். எல்லாம் கேட்டுவிட்டு, மணி என்ன என்று கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டார். "யாவ ஜன?"

என்ன ஜனம் என்றால் என்னவென்று இனியனுக்குத் தெரியாதா! எத்தனையோ சாதி ஒழிப்பு மேடைகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் அவன். வீட்டில் புண்ணும் ஈயுமாக அப்பா கிடந்தார்.

"முதலியார்."

சொன்னது அவன்தான். குரல் மட்டும் அப்பாவுடையது போலக் கேட்டது.

தோப்புக்காரர் தானே ஹோஸைப் பிடித்து இரண்டு டிரம்மையும் நிரப்பினார். சாவு வீட்டில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று ஆறு இளநீர் வெட்டி வண்டியில் போட்டார். எப்போது வேண்டுமானாலும் வா, கேட்கவே வேண்டாம் என்று தோளில் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிடவும் முடியவில்லை, தாங்கிக்கொள்ளவும் முடியவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு.

பெஞ்சில் கிடத்தி அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். இனியன் குடம் குடமாகக் கொண்டுவந்து வைத்தான். முதுகுப் புண்ணையும் கழுத்து மடிப்பையும் அவனே கழுவினான். தலைமாட்டில் நின்று ஊற்றிக்கொண்டிருந்த பாப்பம்மா மெல்லக் கேட்டாள்.

"எதுனா கேட்டாங்களாடா?"

"ஒண்ணும் கேக்கலம்மா. நல்ல சனம்."

அவள் கை நின்றது. வாசலில் நின்ற வண்டியின் வெறுங்கம்பியைப் பார்த்தாள்.

"அப்பிடியே அவரு பேச்சு" என்றாள். மிச்சத் தண்ணீரை ஊற்றினாள்.

வெள்ளை வேட்டி உடுத்தி முடித்ததும் பௌத்த சங்கத்துப் பெரியவர் ஜெயகரன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "வண்டில கட்டிகினு இருந்த கொடி எங்கப்பா? அதத்தான் மேல போத்தணும்."

எல்லோரும் கம்பியைப் பார்த்தார்கள். ஹரோல்ட் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். இனியன் போய் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து கவரை எடுத்து வந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கொடியை விரித்து அப்பாவின் மேல் போர்த்தினான். நீளத்தில் ஒரு மடிப்பு, அகலத்தில் ஒரு மடிப்பு. மடிந்த இடங்களில் நீலம் வெளுத்து வெள்ளையாகியிருந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், சக்கரத்தின் நடுவில், துணி நைந்து அரிசி நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஈரக் கையால் அழுத்தித் தடவினான். மடிப்பு போகவில்லை.

ஜெயகரன் கண்ணை மூடி உறுதிகளைத் தொடங்கினார். கூட்டம் திருப்பிச் சொன்னது. முதல் மூன்றையும் இனியனும் சொன்னான்.

நான்காவது வந்தது. யாரும் சிரிக்கவில்லை. இனியன் குனிந்து மறுபடியும் அந்த மடிப்பைத் தடவினான்.