இருபத்துமூன்று சில்வர் வட்டங்கள்

மனோரமாவுக்கு ஆத்திரம் வந்தால் குரல் உயராது, இறங்கிவிடும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினாலு வருஷமாக அவளோடு குவாலிட்டி செக்கிங்கில் நிற்கிற பில்கிஸுக்கு அது தெரியும். ட்ரை வாஷ் கடை இளம்பரிதிக்குத் தெரியாது, பாவம்.

எல்லாம் ஒரு புடவையால் வந்த வினை. மகள் ரோஷினியின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்த பட்டு, கிளிப்பச்சையில் அரக்கு பார்டர். பந்தியில் எவனோ ரசத்தை ஊற்றிவிட்டான். அடுத்த வாரம் பெண்ணழைப்புக்கு அதையேதான் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சம்பந்தியம்மா சொல்லி வைத்திருந்ததால், கறையை எடுக்க இளம்பரிதியிடம் கொடுத்தாள். கறை போனது. கூடவே பார்டர் சாயமும் கிளம்பி வந்து புடவை உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டாய் உட்கார்ந்துகொண்டது. ட்ரை வாஷ் என்று வாங்கி வைத்துக்கொண்டு தண்ணீரில் முக்கியிருக்கிறான் மகராசன். மூக்கு இருக்கிற யாருக்கும் சோப்புத் தூள் வாசனை தெரியும்.

முதல் தடவை கேட்கப் போனபோது புடவையின் தரமே அவ்வளவுதான் என்றான். இரண்டாம் தடவை ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். சாயம் போனால் கடை பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அச்சடித்துவிட்டால் ஆயிற்றா? ஊரைக் கொளுத்திவிட்டும் இப்படி ஒரு சீட்டு அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று மனோரமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பில்கிஸ் சொல்லித்தான் நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாக விளக்கினாள். சீட்டில் அச்சடித்ததாலேயே கடைக்காரர் தப்பிவிட முடியாது, வேலையில் குறை இருந்தால் ஈடு கேட்க உரிமை உண்டு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள், புடவையைப் போட்டோ எடுங்கள், மசியாவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனோரமா புடவையைக் கட்டிலில் விரித்தாள். கம்பெனியில் தோலில் ஒரு கீறல் கண்டால் சில்வர் பேனாவால் வட்டம் போட்டு, அப்புறம்தான் போட்டோ. வட்டமில்லாத போட்டோவை சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார். கை அந்தப் பழக்கத்திலேயே ஓடியது. திட்டுக்குத் திட்டு வட்டம், மொத்தம் இருபத்துமூன்று. பளபளவென்று போட்டு முடித்துப் படமும் எடுத்துக்கொண்டாள். தோலில் அந்த மை ஒரு துடை துடைத்தால் போய்விடும். பட்டில் போகுமா என்று அவளுக்கு யோசிக்கத் தோன்றவே இல்லை.

அன்றே மூன்றாம் தடவையாகக் கடைப் படியேறினாள். ஆணையம், உரிமை, ஈடு என்று தாழ்ந்த குரலில் அவள் அடுக்க அடுக்க இளம்பரிதிக்கு முகம் வெளுத்தது. வேறு புடவை எடுத்துத் தருவதாகக்கூட இழுத்தான். அப்புறம் புடவையை விரித்துப் பார்த்தான். வட்டத்தை விரலால் தேய்த்தான், எச்சில் தொட்டுத் தேய்த்தான். போகவில்லை.

"இது இன்னாக்கா?"

அவளும் முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள். பட்டு நூலில்தான் பிசிறு எழுந்தது. போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அத்தனை படத்திலும் இதே வட்டங்கள்தான்.

"சாயம் லேசாத்தான்க்கா ஏறிச்சு. அத நான் எடுத்துக் குடுத்திருப்பேன். இத யார் எடுக்கிறது? யார் போட்டது இத?"

கடையில்தான் ஆனது என்று சாதித்திருக்கலாம். வந்த தடவையெல்லாம் அவன் அதைத்தானே செய்தான். ஆனால் தினமும் கம்பெனி லைனில் நின்று, இது யார் கை வேலை என்று கேட்டு, தலைகுனிகிற பெண்களின் பேரை எழுதுகிறவள் அவள்.

"வட்டம் என் கை. நான் ஒத்துக்கிறேன். சாயம் உன் கை, நீயும் ஒத்துக்க. ரெண்டையும் ஒரே பேப்பர்ல எழுது, நானும் கையெழுத்துப் போடறேன்."

இளம்பரிதி புடவையை மடித்துப் பையில் போட்டு அவள் பக்கம் தள்ளினான். நீங்களே கெடுத்துவிட்டு என்னை எழுதச் சொன்னால் எப்படி என்றான். பின்னால் நின்றவரிடம் என்ன துணி என்று கேட்டான். அவர் ஒரு பட்டு வேட்டியை நீட்டினார்.

மனோரமா பையைக் கையில் எடுத்தாள். பொய் சொன்னவன் அடுத்த ஆளுக்குச் சீட்டு கிழிக்கிறான். நிஜத்தைச் சொன்னவள் இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய் ரோஷினியிடம் என்ன சொல்வது?