நெல்மணி அளவில் ஒன்பது பெண்கள்

1.

ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் கிடைத்த கதை இது. அதிராம்பட்டினத்தில், துபாயிலிருந்து திரும்பிய ஜாபிர் வீட்டு மாடியில்.

அங்கே ஜாபிர் தண்டவாளம் போட்டு ஓடவிட்டிருந்த பொம்மை ரயிலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். "மேசைமேல் ஒரு குட்டி ரயில், பட்டுக்கோட்டையை நோக்கி..." அடித்துவிட்டேன். குட்டி ரயிலைக் காசு கொடுத்தால் வாங்கலாம். அதற்குப் பின்னால் நின்ற எட்டடிப் பலகையை எந்தக் கடையில் வாங்குவது? அதில் ஊரையே வரைந்தவள் எழில்மொழி, அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியை. ஆகவே கதை அவளுடையது. ஜாபிர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2.

அம்மாடி, என்ன கை அது! வானத்துக்கு மட்டும் பதினோரு நாள். மேசைமேல் கொட்டிய நிஜ மண் எங்கே முடிகிறது, படத்துச் சேறு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

தூரத்தில் தென்னை, அப்புறம் வாய்க்கால், அதற்கு இப்பால் நடவு வயல். நெல்மணி அளவில் ஒன்பது பெண்கள் குனிந்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் நட்டு முடித்த பச்சை, முகத்துக்கு முன்னால் வெறும் சேறு. நட்டபடியே முன்னேறுகிறார்கள்.

மறுநாள் அவளுடைய பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள். மூலையில் பெயர் எழுத ஓரங்குலம் விட்டிருந்தாள். குறையில்லாத படத்தில்தான் பெயர் போடுவேன் என்று வைராக்கியம். இதுவரை எதிலும் போட்டதில்லை.

3.

(இந்த இடத்தில் காளியம்மாளை உள்ளே விடலாமா என்று ரொம்ப யோசித்தேன். எழில்மொழியின் அம்மா. முப்பது வருஷம் நடவு நட்டவர். வந்தால் கதை என் கையில் நிற்காது.)

வந்தார். பார்த்தார். சிரித்துவிட்டார்.

"ஏண்டி, இவளுவ ஏன் முன்னால போறாளுவ?"

"என்னம்மா சொல்ற?"

"நடவு பின்னாலதானடி போவும்? நட்டத மிதிச்சுக்கிட்டா வந்தாளுவ?"*

எழில்மொழிக்கு முகம் செத்துவிட்டது. யார் வீட்டுப் பெண் அவள்! அவளா இப்படி வரைவது?

"விடுங்க டீச்சர்," என்றார் ஜாபிர். "நாப்பது வருஷமா லீவுல வர்றப்பல்லாம் ரயில் ஜன்னல்ல பாத்தவன், எனக்கே தெரியலையே."

"இல்ல பாய், இப்பவே மாத்திடுறேன்." பிரஷ்ஷை எடுத்தவளின் கையைக் காளியம்மாள் பிடித்துக்கொண்டார்.

"தொடாத. சோத்துத் தூக்கோட வரப்புக்கு வந்த ஒன்ன அடிச்சு வெரட்டினேனே, ஞாபகம் இருக்கா? ஒன் கால்ல சேறு படக்கூடாதுன்னு வளத்தேன். படலன்னு இப்பத்தான் கண்ணால பாக்குறேன்."

அந்த முகத்தில் இருந்த பெருமையை எப்படி எழுத... விட்டுவிட்டேன்.

"படம் தப்பும்மா," என்றாள் எழில்மொழி. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

"தப்புதான். இருந்துட்டுப் போவட்டும்."

* "முன்னேறுகிறார்கள்" என்று எழுதிய நான் எந்த மூஞ்சியோடு அவரைப் பார்ப்பது?

4.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். பிறகு கேட்கவும் இல்லை.

முடிவு ஒன்று: பொழுது சாய்வதற்குள் ஒன்பது பேரையும் திருப்பி வரைந்தாள். முடிவு இரண்டு: அப்படியே விட்டு, மூலையில் பெயரை எழுதினாள். முடிவு மூன்று: பத்தாவதாக ஒருத்தி, வரப்பில் தூக்கோடு... சேச்சே, சினிமாத்தனம்.

தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. நீங்கள் சொல்லுங்கள். இரண்டாம் பகுதியைப் படித்தபோது அந்த வயல் உங்களுக்கு உறுத்தியதா? உறுத்தியிருந்தால் பிரஷ்ஷை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்களைத் திருப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

உறுத்தவில்லையா? அப்படியானால் படம் இருந்தபடியே இருக்கட்டும். உங்களையும் யாரோ சேற்றில் இறங்கவிடாமல் வளர்த்திருக்கிறார்கள். அவர் இன்னும் இருந்தால், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.