கறுத்த எண்ணெய்

கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸேறி வந்து, நெய்வேலி நகரியத்தில் அகிலாவின் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்ப்பவள் மணிமொழி. எண்ணெய் விலை ஏறியதிலிருந்து அவள் வீட்டில் தாளிப்பே நின்றுபோயிருந்தது.

அன்று அகிலா ஒரு தூக்குவாளியை நீட்டினாள். "எங்கேயோ சண்டைன்னு உலகம் பூரா எண்ணெய் விலை ஏறிடுச்சு. இதைக் கொட்ட மனசு வரல, நீ கொண்டு போ."

மணிமொழி மூடியைத் திறந்தாள். நாலைந்து தடவை மீன் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெய். மீன் வாடை குப்பென்று அடித்தது. அகிலாவுக்குப் பின்னால் அலமாரியில் மூன்று புது எண்ணெய் டின்கள் இருந்தன.

"இத நீங்க துன்னுவீங்களாம்மா?"

"எங்க உடம்புக்கு ஆகாது."

"எங்க உடம்பு மட்டும் இரும்பாங்க?"

வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸிலும் விரலிடுக்கில் அந்த நாற்றம் போகவில்லை. மறுநாள் வேறு பிளாக்கில் வேலை தேடிப் போனாள்.